மீன்கொத்தித் தாளின் ஓரம்

கீழ் டிவிசன்,
புளத்கொகுபிட்டிய.
06.10.2024

அன்பு மருமகள் நிரோஷாவுக்கு மாமன் தம்பையா எழுதுவது,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். போன வருடம் நீ அந்த மீன்கொத்திப் படம் போட்ட தபால் முத்திரைத் தாளைக் கொண்டுவந்து உன் அம்மாவின் வாசற்படியில் வைத்தாய். "அம்மா, நீங்க பேச வேணாம், யாருகிட்டயாவது சொல்லி எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாய். அப்போது நான் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் நின்றுகொண்டிருந்தேன். "தம்பையா, இந்தத் தாளைத் தேடி ஒருநாள் கொழும்பிலிருந்து கடிதம் வரும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சாட்சி கேட்காதே. பக்கத்தில் நின்றது தொரை பங்களாவின் நாய் மட்டும்தான். அது இப்போது செத்துப்போய்விட்டது.

உன் கடிதம் கிடைத்தது. தோட்டத்துத் தபால் பையைப் போஸ்ட் ஆபீஸிலிருந்து தூக்கி வருவது நான்தான் என்பதால் வேறு யார் கையிலும் அது படவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நீ செய்ததுதான் சரி. என் போனில் ஸ்பீக்கரைப் போட்டால்தான் சத்தம் வருகிறது. ஸ்பீக்கரைப் போட்டால் லயம் முழுக்கக் கேட்கிறது. பக்கத்துக் காம்பராவில் இருப்பது உன் அம்மா.

விஷயத்துக்கு வருகிறேன். முத்திரை சேர்க்கிற ஒரு மிஸ் அந்தத் தாளைப் பற்றிக் கேட்கிறார், அது முழுசாக இருக்கிறதா என்று அம்மாவுக்குத் தெரியாமல் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். இந்த மாதிரி வேலைக்கு நீ என்னைத் தேர்ந்தெடுத்ததில் உன் மூளை தெரிகிறது. அக்கா ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போன நேரம் பார்த்து உள்ளே போனேன். புடவைக் கடைப் பையில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்திருக்கிறாள். திறந்து பார்த்தால் அத்தனை மீன்கொத்தியும் ஒரே பக்கம் அலகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒரு முத்திரை கிழியவில்லை. ஒரு மூலை கசங்கவில்லை. உன் அம்மா ஒரு மீன்கொத்தியைக்கூடப் பறக்கவிடவில்லை. ஆகவே மிஸ்ஸிடம் சந்தோஷமாகச் சொல்லலாம்.

அந்தத் தாளின் ஓரத்தில் வெள்ளையாக விட்ட இடத்தில் நீலம், மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நாலு வட்டப் புள்ளி இருக்கிறது, கவனித்திருப்பாய். அது என்னவென்று படித்தவர்களுக்கே தெரியாது. எந்த மாகாணத்துக்கு எந்தத் தாள் போகவேண்டும் என்பதற்கான இரகசியக் குறி அது. தபாலில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் என் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னது. நான் ஆறாம் வகுப்போடு நின்றதற்கே, அதற்கு மேல் வாத்தியாருக்கு ஒன்றும் தெரியாததுதான் காரணம் என்பது உனக்குத் தெரியும்.

இங்கே ஓயாத மழை. வாங்கி வைத்த கவரெல்லாம் ஈரத்தில் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டவேண்டிய நேரத்தில் ஒட்டமாட்டேன் என்கிறது. இருந்தும் இந்தக் கவர் எப்படி இறுக ஒட்டியிருக்கிறது பார். எல்லாம் உன் மாமன் கைவேலை.

இப்படிக்கு
தம்பையா


வத்தளை
12.10.2024

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கைவேலையைப் பார்த்தேன்.

பிரதீபன் கவரைக் கிழிக்கப் போனார். நான்தான் தடுத்து, கத்தியால் மெதுவாகத் திறந்தேன். மூடியின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு. அதில் நீலப் புள்ளி ஒன்று, மஞ்சள் புள்ளி ஒன்று. ஒரு மூலை கசங்கவில்லை என்று உள்ளே எழுதி, அதே தாளின் ஓரத்தைக் கிழித்து வெளியே ஒட்டி அனுப்ப உங்களால் மட்டும்தான் முடியும். பிரதீபன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்கள்மேல் கோபமில்லை. அங்கே எல்லாரும் அப்படித்தானே செய்கிறோம். போஸ்ட் ஆபீஸில் முத்திரை விற்கிற நோனா கிழித்துப் போடுகிற ஓரத்துக்காகச் சின்ன வயதில் நானும் காத்து நின்றிருக்கிறேன். அதில் பசை இருக்கும், நக்கி ஒட்டினால் எந்த மழைக்கும் விடாது. கிழிந்த பாடப் புத்தகம், அம்மாவின் ரேஷன் கூப்பன், எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் ஒட்டினோம். அதைச் சேர்த்து வைக்கிற ஆட்கள் இருப்பார்கள் என்று நமக்கு யார் சொன்னது?

இரகசியக் குறி ஒன்றுமில்லை மாமா. நான் வேலை செய்கிற அச்சகத்திலும் தினமும் அதைத்தான் பார்க்கிறோம். ஒரு படத்தை ஒரேயடியாக அச்சடிப்பதில்லை. நீலம் தனி, சிவப்பு தனி, மஞ்சள் தனி, கறுப்பு தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு. நாலும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்தால்தான் மீன்கொத்தி மீன்கொத்தியாகத் தெரியும். ஒவ்வொரு தகடும் ஓரத்தில் தன் புள்ளியை வைத்துவிட்டுப் போகும். மெஷினில் நிற்பவர் படத்தைப் பார்ப்பதைவிட அந்தப் புள்ளிகளைத்தான் பார்ப்பார். ஒரு புள்ளி இல்லை என்றால் அந்த நிறம் ஏறவில்லை. ஒரு புள்ளி நகர்ந்திருந்தால் அந்தத் தகடு விலகியிருக்கிறது. வேலை முடிந்ததும் அந்த ஓரத்தால் யாருக்கும் பயனில்லை, கிழித்துப் போடவேண்டியதுதான். அப்படிப் பெரும்பாலும் கிழிபட்டுப் போவதால்தான் கிழிபடாதது அபூர்வமாகிறது.

நம்முடைய தாளில் சிவப்புப் புள்ளி நகர்ந்து, பாதி கறுப்பின் மேல் ஏறியிருக்கும். மீன்கொத்தியின் அலகைப் பாருங்கள், ஓரமாக ஒரு சிவப்பு நிழல் தெரியும். தபால் கந்தோரில் வாங்கும்போதே கவனித்தேன். தொழில் புத்தி. நாட்காட்டி அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வருகிற ஸாஹிரா மிஸ்ஸிடம் பேச்சுவாக்கில் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் இந்தப் புள்ளிகளுக்காகவே முத்திரை சேர்க்கிறவர். வெளிநாட்டில் இதை ட்ராஃபிக் லைட் என்பார்களாம். நாலு நிறமும், பக்கத்து முத்திரைகளும் பிரியாமல் சேர்ந்து இருக்கவேண்டுமாம். பிரித்துவிட்டால் ஓரம் வெறும் காகிதம், முத்திரை வெறும் முத்திரை என்றார்.

மாமா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸாஹிரா மிஸ் கேட்டது உண்மைதான். ஆனால் நான் உங்களை டின்னைத் திறக்கச் சொன்னது அவருக்காக இல்லை. தாள் முழுசாக இருந்தால் அவருக்குச் சந்தோஷம். ஒரே ஒரு முத்திரை குறைந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். அம்மா யாரையாவது பிடித்து ஒரு கடிதம் எழுதவைத்து, முத்திரை ஒட்டி, அனுப்ப மனமில்லாமல் எங்கேயாவது வைத்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. ஒன்றுகூடக் குறையவில்லை என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் பிரதீபனைப் பதிவுத் திருமணம் செய்தது என் பிழை. சாதி சனத்தைக் கூப்பிட்டு, உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள், கல்யாணத்தை மட்டும் தனியாக முடித்துக்கொண்டேன். அம்மா கோபப்படட்டும். எத்தனை நாளைக்கு என்றுதான் தெரியவில்லை.

எனக்கு ஏழாம் மாதம். யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கு நானே வந்து சொல்லவேண்டும் என்று இருக்கிறேன். நிவித்திகலையில் பிரதீபனின் அம்மா வளையலெல்லாம் வாங்கி வைத்துவிட்டார். முதல் வளையலைப் போட என் அம்மா இருக்கவேண்டும் என்று சொன்னேன், அவரும் சரி என்று காத்திருக்கிறார். தீபாவளிக்கு வரட்டுமா? வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினால் இந்த வயிற்றோடு மறுபடி அந்தப் படிகளை இறங்க எனக்குத் தெம்பில்லை. உள்ளே கூப்பிடுவார்களா? அதை மட்டும் பார்த்து எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம்.

அன்புடன்
நிரோஷா


கீழ் டிவிசன்,
புளத்கொகுபிட்டிய.
18.10.2024

அன்பு மருமகளுக்கு,

முதலில் ஒன்று. அந்த ஓரத்தை நான் தெரியாமல் ஒட்டவில்லை. நீ அச்சகத்தில் ஒழுங்காக வேலை பழகுகிறாயா என்று பார்க்கவே ஒட்டினேன். பாஸாகிவிட்டாய். இதுவும் எனக்குத் தெரியும்.

ஏழாம் மாதம் என்று படித்ததும் பசாரில் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் பிளேன்டீ சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். வாயை இறுகக் கட்டிக்கொண்டேன். மழை விட்டதற்காக என்று சொன்னேன். அப்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அம்மா எழுதவில்லை என்று நினைத்து மனம் நொந்துபோகாதே. போன கடிதத்தில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நாலு புள்ளியில் இரண்டுதானே உனக்கு வந்தது? மற்ற இரண்டும் எங்கே என்று நீ கேட்கவில்லையே. ஸாஹிரா மிஸ்ஸாக இருந்தால் கேட்டிருப்பார்.

அந்தச் சிவப்புப் புள்ளியை உன் அம்மா எடுத்துவிட்டாள். நான் கண்ணால் பார்த்தேன். கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நாக்கில் தொட்டு ஈரமாக்கி, சுவரில் இருக்கிற உன் படத்தின் நெற்றியில் பொட்டாக ஒட்டியிருக்கிறாள். நீ ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம் எடுத்த படம், ரெட்டைச் சடை போட்டது. மச்சான் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. உன் அப்பா நெற்றியில் குங்குமம், உன் நெற்றியில் சிவப்புப் புள்ளி. இரண்டு படத்துக்கும் முன்னால் ஒரே விளக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைக்கிறாள். ஊதுபத்தி புகை உன் முகத்தில் படும்போது பார்க்கவேண்டும், மகாலட்சுமி மாதிரி இருக்கிறாய். எனக்கே கண் கலங்கிவிட்டது.

கோபமாக இருக்கிற ஒரு பெண்பிள்ளை இதையெல்லாம் செய்வாளா? நீயே சொல். அவள் நினைப்பு முழுக்க நீதான். பேசமாட்டாள், எழுதமாட்டாள், ஆனால் விளக்கு வைத்துக் கும்பிடுகிறாள்.

ஆகவே தீபாவளிக்குத் தைரியமாக வா. மருமகன் பிரதீபனுக்கு நாட்டுக்கோழி அடிப்பது என் பொறுப்பு. வருகிற வழியில் அவிசாவளையில் இறங்கித் தண்ணி குடிக்காதே, அங்கே எல்லாவற்றிலும் ஐஸ் போடுகிறார்கள்.

உன் மாமன்
தம்பையா


வத்தளை
23.10.2024

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

படத்துக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, விளக்கு வைப்பது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியாதா? நம் லயத்தில் எந்தக் காம்பராவுக்குள் போனாலும் சுவரில் அப்படிப் பொட்டு வைத்த படம் இருக்கும். ஒன்றுகூட உயிரோடிருப்பவர்களுடையது இல்லை. அப்பா இறந்த பதினாறாம் நாள், அம்மா அவர் படத்தைத் துடைத்து, விரலில் குங்குமம் தொட்டு வைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கண்ணாடியில் குங்குமம் நிற்கவில்லை, உதிர்ந்து விழுந்தது. அம்மா மறுபடி வைத்தார்கள். இப்போது உதிராத பொட்டுக் கிடைத்திருக்கிறது.

அப்பாவுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்கள். ஒரே விளக்கு.

பிரதீபன் சொல்கிறார், மாமா எழுதினதை அப்படியே நம்பாதே, அவர் எதையாவது கூட்டி எழுதியிருப்பார் என்று. நானும் அப்படித்தான் பார்த்தேன். பூ கூட்டியதாக இருக்கலாம், ஊதுபத்தி கூட்டியதாக இருக்கலாம். ஆனால் ஒருவர் பொட்டையா கூட்டுவார்? நெற்றியையா கூட்டுவார்? கத்தரிக்கோல், நாக்கு, ரெட்டைச் சடை. பார்க்காமல் அவ்வளவு எழுதமுடியாது.

கோபம் என்றால் ஒருநாள் ஆறும். இது கோபமில்லை. அவர்கள் கணக்கை முடித்துவிட்டார்கள். பேசாததற்கும் எழுதாததற்கும் காரணம் இப்போது விளங்குகிறது. செத்தவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

தீபாவளிக்கு வரமாட்டேன். பிள்ளை பிறந்த பிறகும் வரமாட்டேன். சுவரில் தாயின் படத்தைப் பொட்டோடு பார்த்து ஒரு பிள்ளை அந்த வீட்டுக்குள் நுழையவேண்டாம். வளையலை நிவித்திகலையில் போட்டுக்கொள்கிறேன்.

ஸாஹிரா மிஸ்ஸிடம் ஓரம் போய்விட்டது என்று சொன்னேன். அவர், "முத்திரை இருக்கு, ஓரமும் எங்கயோ இருக்கு. ஆனா இனி ஒட்டி வெச்சாலும் அது ஒட்டினதுதான்" என்றார். அவர் தாளைப் பற்றித்தான் சொன்னார்.

இதைப் பற்றி அம்மாவிடம் ஒன்றும் பேசவேண்டாம். இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

நிரோஷா


கீழ் டிவிசன்,
புளத்கொகுபிட்டிய.
29.10.2024

அன்பு மருமகள் நிரோஷாவுக்கு,

இந்த இடத்தில் முதலில் ஒரு வரி எழுதியிருந்தேன், இதுவும் நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று. அது வெட்டப்பட்டிருப்பதைப் பார்ப்பாய். வெட்டச் சொன்னது உன் அம்மா. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஜீவராணியும் எதிரில் இருக்கிறாள். நான் எழுதி முடிக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் அவள் சத்தமாக வாசிக்கவேண்டும், உன் அம்மா கேட்கவேண்டும், அவள் சரி என்றால்தான் அடுத்த பக்கம். இப்படி ஒரு காவலில் நான் வாழ்க்கையில் கடிதம் எழுதியதில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லியிருக்கிறாள். எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் போஸ்ட் ஆபீஸ் வாசலிலேயே பிரித்துப் படித்தேன். அம்மாவிடம் பேசவேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். பேசாமல்தான் இருந்தேன். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் அக்கா பால் வாளியோடு மலையிலிருந்து இறங்கிவந்தபோது பாதையில் நிறுத்தினேன்.

"அக்கா, ஒரு சின்ன விசயம்."

"ஒன் சின்ன விசயமெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லு."

"நிரோஷா கடிதம் போட்டிருக்கு."

வாளியைக் கீழே வைக்கவில்லை. நடக்கவும் இல்லை. "படி" என்றாள். படித்தேன். முடிந்ததும், "திரும்பப் படி. அதுல இருக்கிறத மட்டும் படி" என்றாள். இருந்ததைத்தான் படித்தேன் என்றேன். "அப்ப இதுக்கு முந்தி வந்தத எடு, அதையும் படி." பைக்குள்ளிருந்து எடுத்து அதையும் படித்தேன். ஏழாம் மாதம் என்ற இடம் வந்ததும் வாளியை வைத்தாள்.

"ஏழா?"

"ஏழு."

"இத எப்ப இருந்து தெரியும் ஒனக்கு?"

நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் அதைக் கேட்கவில்லை. நான் உனக்கு எழுதியதையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன். பொட்டு வரைக்கும் சொன்னேன். அதைக் கேட்டதும் அக்கா என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் எழுதச் சொல்லியிருக்கிறாள். கடைசி வரியாகத்தான் வரவேண்டுமாம். ஆகவே அது அங்கே வரும்.

இந்த இடத்திலும் நாலு வரி வெட்டியிருக்கும். அக்கா பாதையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், ரப்பர் மரமெல்லாம் கேட்டு நின்றது என்று எழுதியிருந்தேன். ஜீவராணி வாசித்ததும், "நான் எப்படா அழுதேன்? வெட்டு" என்றாள். அழவில்லை. வாளியில் விழுந்த ஒரு இலையை எடுத்துப் போட்டாள். அதற்கு ரொம்ப நேரம் ஆனது. பிறகு சொன்னாள்: "என்னப் போயி அப்படி நெனச்சிட்டாளே."

நானும் சும்மா இருக்கவில்லை. பழியெல்லாம் என் தலையிலேயே விழுந்தால் எப்படி? "ஒரு வருசமா அந்தத் தாள வெச்சிருக்கியே, ஒரு கடிதம் போட்டிருந்தா இவ்வளவு வருமா?" என்று கேட்டேன்.

"யார வெச்சு எழுதுறது?" என்றாள். "எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஒன்ன எழுதச் சொல்லவா? சுகமா இருக்கியான்னு கேளுடான்னா, நீ எங்க அக்கா எலும்பும் தோலுமா கெடக்குதுன்னு எழுதுவ. நான் கோவமா ஒரு வார்த்த சொன்னா அத நீ பத்தாக்குவ. பாசமா ஒரு வார்த்த சொன்னா அதையும் பத்தாக்குவ. அவ அதுல எத என் வார்த்தன்னு எடுப்பா?"

"ஜீவராணிக்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவகிட்ட சொன்னா காலைல பிரட்டுக் களத்துல பேர் கூப்பிடுறதுக்கு முந்தி மல பூரா தெரிஞ்சிடும்."

இதை வாசித்தபோது ஜீவராணியின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அக்கா, நான் அப்படியா?" என்று கேட்டாள். "ஆமா, அப்படித்தான். வாசி" என்றாள் உன் அம்மா. வாசித்தாள். பிறகு, முன்பக்கத்தில் வாசித்திருந்த உன் மாதக் கணக்கை நினைத்து அவளே, "நான் யாருக்கும் சொல்லமாட்டேன்க்கா" என்றாள். அதற்கு உன் அம்மா, "சொல்லு. இப்ப சொல்லு. ஏம் மகளுக்கு ஏழாம் மாசம்னு சொல்லு" என்றாள். இதில் நான் ஒரு எழுத்துக் கூட்டவில்லை. ஜீவராணி சாட்சி. நாய் இல்லை, ஆள் சாட்சி.

அன்றைக்கு மலையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா டின்னைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். ஓரம் கிழிந்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். "இது?" என்றாள். என் கவர் ஒட்டாத கதையைச் சொன்னேன். "மிச்சம் எங்க?" என்றாள். சிவப்பும் கறுப்பும் இருந்த துண்டு அத்தனை நாளும் தோட்டத்துத் தபால் பையின் உள்பக்கத்துப் பாக்கெட்டில் கிடந்தது. அடுத்த கடிதத்தை ஒட்ட வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். நீ எழுதியதுபோலவே சிவப்பு பாதி கறுப்பின் மேல் ஏறித்தான் இருக்கிறது. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள். "இது வெலகிப் போனதத்தான் அந்த மிஸ் தேடுறாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "வெலகினத தேடுறவங்களும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். இதை வெட்டச் சொல்லுவாள் என்று நினைத்தேன். ஜீவராணி வாசித்தாள். அக்கா அடுத்த பக்கத்தைக் கேட்டாள். ஆகவே இருக்கட்டும்.

நிரோஷா, நீ உள்ளே கூப்பிடுவார்களா என்று கேட்டிருந்தாய். "வரச் சொல்லு" என்று உன் அம்மா சொல்லவில்லை. நான் அவளைச் சொல்லவைக்கப் பார்த்தேன். வரச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். "ஏழு மாச வயித்தோட அவ எதுக்கு இந்தப் படியெல்லாம் ஏறணும்?" என்றாள். பிறகு கேட்டது ஒரே கேள்விதான்.

"கொழும்பு பஸ் எத்தன மணிக்கு?"

நாளைக்குக் காலைப் பஸ்ஸில் வருகிறாள். என்னைக் கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிங்களம் என்னைவிடத் தனக்கு நன்றாக வருமாம், கண்டக்டரிடம் தானே கேட்டு இறங்கிக்கொள்வாளாம். பச்சை வளையல் ஒரு டசன் புளத்கொகுபிட்டிய பசாரில் வாங்கியாகிவிட்டது. அளவுக்குத் தன் கையையே கொடுத்துப் பார்த்தாள். உனக்கு இறுக்கமாக இருந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நிவித்திகலைச் சம்பந்தியம்மாவிடம் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லு. நாட்டுக்கோழி உயிரோடு வருகிறது, காலைக் கட்டி. பிரதீபன்தான் அடிக்கவேண்டும்.

இந்தக் கடிதத்தையும் அவளே கொண்டுவருகிறாள், ஆகவே கவரில் முத்திரை இருக்காது. தாளும் முழுசாக அவள் பையில் வருகிறது, ஒரு மீன்கொத்தி குறையாமல். ஸாஹிரா மிஸ் முத்திரையைப் பார்க்கட்டும். அலகில் சிவப்பு நிழல் இருக்கிறது, நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் இல்லாததற்கு நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு. இதற்கு முன் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை என்பதையும் சொல்லு.

கையில் கொண்டுபோகிற கடிதத்துக்கு எதற்கு ஒட்டு என்று கேட்டேன். ஜீவராணி கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்ததும், நான் மேலே ஒரு வரி சேர்ப்பதற்கு முன் ஒட்டிவிடவேண்டுமாம். உன் அம்மா அந்த மிச்ச ஓரத்தை இப்போதே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கவரின் மூடியைப் பார். சிவப்பும் கறுப்பும் அங்கே இருக்கும். நக்கி ஒட்டியது அவள். நீலமும் மஞ்சளும் உன்னிடம் இருக்கிறது. நாலும் வந்துவிட்டது.

இனி கடைசி வரி. நான் கொஞ்சம் சுற்றி வளைத்து எழுதலாமா என்று கேட்டேன். பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். ஆகவே அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

உன் படம் சுவரில் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, அவளுடைய அடையாள அட்டையோடு ஒரே உறையில் வைத்து மலைக்குப் போகும்போதும் இடுப்பில் செருகிக்கொண்டு போகிறாள், நாளைக்கு நீயே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பொட்டு நான் கட்டிய கதை.